வயதான கண்ணால் என்ன பிரயோஜனம்?

2016-ஆம் ஆண்டு ஆவணி மாதம் என் மாமியார் காலமானார். வயது 81. அதிகாலை மூன்று மணி இருக்கும், சின்னமனூர் வீட்டில் தூக்கத்திலேயே போய்விட்டார். சொல்லிவிட வேண்டியவர்களுக்குச் சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஆறு மணி வாக்கில், ஊரில் கண்தானத்துக்காக ஓடியாடும் ஒரு தம்பி வந்து கைகட்டி நின்றார்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. ஆத்தாவோட கண்ணைக் குடுக்க வீட்ல சம்மதிப்பீங்களா? இன்னும் நேரம் இருக்கு."

நான் வீட்டின் மூத்த மருமகன். என் மைத்துனர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். "எண்பத்தொரு வயசுக் கண்ணுப்பா. அதை வச்சு என்ன பிரயோஜனம்? விடு" என்றேன். அந்தத் தம்பி ஒரு நிமிடம் நின்றார். "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இன்று இதை எழுதுகிறேன். அது எவ்வளவு தவறு என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆறு வருடம் ஆயிற்று.

புதிதாகப் படிப்பவர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வரி. பிறந்தது புதுச்சேரி. படித்தது பிரெஞ்சு வழியில். புதுச்சேரி அரசு அலுவலகங்களில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றேன். அதன் பிறகு மனைவியின் ஊரான சின்னமனூருக்கு வந்துவிட்டேன். பள்ளியில் எங்களுக்கு இயற்கை அறிவியல் நடத்திய முசே ஒரு நாள் ஆட்டுக் கண் ஒன்றைத் தட்டில் வைத்து அறுத்துக் காட்டினார். பாப்பாவைப் பிரெஞ்சில் 'ப்யுபில்' என்பார்கள். லத்தீனில் அதன் மூலச்சொல்லுக்குச் சின்னப் பொம்மை என்று பொருள் என்றார் முசே. நான் எழுந்து, "முசே, தமிழிலும் அது பாவைதான், பாவை என்றால் பொம்மை" என்றேன். அன்று ஒரு சபாஷ் கிடைத்தது. எதிரே நிற்பவரின் உருவம் அந்தக் கருப்பு வட்டத்தில் பொம்மை போலத் தெரிவதால் வந்த பெயராம். அந்தப் பாவை இடம் பெயர்ந்து போகும் என்று முசே சொல்லித் தரவில்லை.

2017-இல் என் மனைவியின் அக்கா மகளுக்கு அது நடந்தது. உத்தமபாளையத்தில் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைப்பவள். அப்போது வயது 33. "சித்தப்பா, காலைல எந்திரிச்சா இடது கண்ணுல மேகமலைப் பனி மாதிரி ஒரே மூட்டமா இருக்கு. பத்து பதினொரு மணிக்கெல்லாம் தெளிஞ்சிருது" என்றாள். ராத்திரி பல்பைச் சுற்றி வண்ண வளையம் தெரிகிறது என்றாள். மதியத்துக்குள் சரியாகிவிடுகிற கோளாறை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டாள். சிவப்பு குறைந்தது. அதையே வாங்கி வாங்கிப் போட்டதில் எட்டு மாதம் ஓடிவிட்டது.

அவள் பையனின் காதுகுத்துப் படங்களைப் பார்த்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. இடது கண்ணின் பாவை நடுவில் இல்லை. மூக்குப் பக்கமாக இழுத்துக்கொண்டு, கண்ணீர்த் துளி போல நீண்டிருந்தது. "மாறுகண், அதிர்ஷ்டம்" என்று சொன்ன உறவினர்களும் உண்டு. மதுரைக்கு அழைத்துப் போனோம்.

அங்கே கண்ணின் அழுத்தம் பார்த்தார்கள். பொதுவாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டியது அவளுக்கு 38. கார்னியாவின் உள்பக்கத்தை ஒரு நுண்ணோக்கிக் கருவியில் படம் பிடித்தார்கள். தட்டார் சுத்தியலால் தட்டிய வெள்ளித் தகடு போல அது தெரிந்தால் இந்த நோய் என்று அடையாளம் காண்பார்களாம். பெயர் ஐரிடோ கார்னியல் எண்டோதீலியல் சிண்ட்ரோம். டாக்டர்கள் சுருக்கமாக ஐ.சி.இ. சிண்ட்ரோம் என்கிறார்கள். இதன் ஒரு வகையை 1956-இல் எழுதி வைத்தவர் சேண்ட்லர் என்ற அமெரிக்க டாக்டர். தனித்தனி நோய்கள் என்று நினைத்திருந்த மூன்றும் ஒரே நோயின் மூன்று முகங்கள் என்று தெளிந்து, இந்தப் பொதுப் பெயர் வந்தது 1979-இல். அரிதான நோய். பெரும்பாலும் ஒரு கண்ணில்தான் வரும், பெண்களுக்கு அதிகம், 20 முதல் 50 வயதுக்குள். பரம்பரையாக வருவதில்லை, தொற்றுவதும் இல்லை. ஏன் வருகிறது என்பது இன்னும் உறுதியாகவில்லை. அக்கி வகை வைரஸ் ஒன்றின் மேல் சந்தேகம் இருக்கிறது.

நோயை நம் கம்பம் பள்ளத்தாக்குக் கணக்கில் சொல்கிறேன். கண்ணுக்கு முன்னால் கடிகாரக் கண்ணாடி போல இருப்பது கார்னியா. அரை மில்லிமீட்டர் கனம்தான். அதன் பின்னால் திரை போல ஐரிஸ். இரண்டுக்கும் நடுவே தெளிந்த நீர் ஓயாமல் ஊறுகிறது, ஓயாமல் வடிகிறது. வடியும் மடை, கார்னியாவும் ஐரிஸும் சேரும் மூலையில் இருக்கிறது. கார்னியாவின் உள்பக்கத்தில் ஒரே ஒரு வரிசை உயிரணுக்கள். வயலில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பம்ப்செட் மாதிரி, கார்னியாவுக்குள் நீர் தேங்காமல் அவை இறைத்துக்கொண்டே இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு சதுர மில்லிமீட்டரில் சுமார் 2,500 இருக்கும். செத்தால் மறுபடி முளைக்காது.

ஐ.சி.இ. நோயில் இந்தப் பம்ப்செட்டுகள் குணம் மாறிவிடுகின்றன. இறைக்கும் வேலையை விட்டுவிட்டு, குளத்தில் ஆகாயத்தாமரை படர்வது போல மூலை வரைக்கும் படர்ந்து மடையை மூடுகின்றன. அப்படியே ஐரிஸ் மேலும் ஏறிச் சுருங்கி, அதைப் பிடித்து இழுக்கின்றன. இழுத்த பக்கம் பாவை நகர்கிறது. எதிர்ப் பக்கம் ஐரிஸ் நைந்து ஓட்டை விழுகிறது. மடை மூடியதால் அழுத்தம் ஏறிப் பின்னால் இருக்கும் பார்வை நரம்பு நசுங்குகிறது. இறைப்பு நின்றதால் கார்னியா ஊறிப் பனி மூட்டம் ஆகிறது. ராத்திரி இமை மூடியிருக்கும்போது ஈரம் ஆவியாகாது, அதனால்தான் காலையில் மூட்டம் அதிகம்.

அவளுக்கு முதலில் சொட்டு மருந்து. அது போதவில்லை. லேசர் இந்த நோய்க்கு ஆகாது. மடையின் மேலேயே படலம் மூடிக் கிடக்கும்போது லேசர் எதைத் திறக்கும்? 2018-இல் கண்ணுக்குள் ஒரு சின்னக் குழாய் வைத்தார்கள். நீர் குழாய் வழியாக வெளியேறி, வெள்ளை விழியின் மேல் தைத்த ஒரு சிலிகான் தகட்டைச் சுற்றித் தேங்கி, மெல்ல உடம்போடு சேர்ந்துவிடும். இந்த வகைக் குழாயை மதுரையில் உள்ள ஆரோலேப்பிலேயே செய்கிறார்கள். 1992-இல் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மலிவாகத் தயாரிக்கத் தொடங்கிய நிறுவனம் அது. 2013-இல் இருந்து இந்தக் குழாயும் அங்கிருந்து வருகிறது, விலை வெளிநாட்டுக் குழாயில் சிறு பங்குதான். வைத்த உடனே நீர் மொத்தமாக வடிந்துவிடக் கூடாது என்பதற்காகக் குழாயை நூலால் கட்டி விடுகிறார்கள். ஐந்தாறு வாரத்தில் நூல் தானாகக் கரைந்து வழி திறக்கும். மாற்றுமுறை மடை திறப்பது மாதிரி!

குழாய் வெளியே துருத்திக்கொள்ளாமல் இருக்க அதன் மேல் ஒரு சின்னத் துண்டு வைத்துத் தைத்தார்கள். அது என்ன துண்டு என்று கேட்டேன். "கண்தானமா வந்த கண்ணோட வெள்ளைப் பகுதிங்க ஐயா" என்றார் நர்ஸ். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஒன்றும் சொல்லவில்லை.

அழுத்தம் இறங்கியது. கார்னியாதான் மோசமாகிக்கொண்டே வந்தது. மதியம் தெளிந்த மூட்டம் மாலை வரை நின்றது, பிறகு நாள் முழுக்க. கொப்புளம் உடைந்து வலி வேறு. கார்னியா மாற்ற வேண்டும், பெயரைப் பதிந்து வைக்கிறோம், கிடைத்ததும் கூப்பிடுகிறோம் என்றார்கள். நடுவில் கொரோனா வந்து கண்தானமே ஏறத்தாழ நின்றுபோனது. காத்திருந்தாள். ஒற்றைக் கண்ணால் ஊசியில் நூல் கோக்க முடியாமல், பத்து வயது மகனைக் கூப்பிட்டுக் கோக்கச் சொல்வாள்.

2022 கடைசியில் கூப்பிட்டார்கள். மதுரை–தேனி ரயில் மறுபடி ஓடத் தொடங்கிய வருடம் அது. அவளோடு நானும் போனேன். அறுவைக்கு முன் டாக்டர் பொறுமையாக விளக்கினார். முன்பெல்லாம் கார்னியாவை வட்டமாக முழுக் கனத்துக்கும் வெட்டி எடுத்து, வேறொன்றை வைத்துச் சுற்றித் தைப்பார்கள். 1905 டிசம்பர் 7 அன்று இப்போதைய செக் நாட்டில் உள்ள ஓலோமோட்ஸ் ஊரில் ஜிர்ம் என்ற டாக்டர் செய்ததுதான் உலகத்தில் வெற்றி பெற்ற முதல் கார்னியா மாற்று. சுண்ணாம்பு பட்டுக் கண் இழந்த கூலித் தொழிலாளி ஒருவருக்குச் செய்தார். இப்போது கெட்டுப்போன உள்படலத்தை மட்டும் உரித்து எடுத்துவிட்டு, தானமாக வந்த கண்ணின் உள்படலத்தை நுழைத்து, காற்றுக் குமிழியால் மேலே அழுத்தி ஒட்டுகிறார்கள். ஒட்டும் வரை நோயாளி மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். இதில் இரண்டு வகை. ஒன்றில் படலத்தோடு கொஞ்சம் சதையும் சேர்ந்திருக்கும், சுமார் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம். இன்னொன்று வெறும் படலம் மட்டும், அதைவிடப் பல மடங்கு மெல்லியது. ஐரிஸில் ஓட்டையும் உள்ளே குழாயும் இருந்ததால் எங்கள் பெண்ணுக்கு முதல் வகையைத் தேர்ந்தார்கள்.

என் மனசில் அரித்துக்கொண்டிருந்ததை அப்போது கேட்டேன். "டாக்டர், இதுக்கு எளவயசுக்காரங்க கண்ணுதானே வேணும்?"

அவர் சிரித்தார். "இல்லைங்க ஐயா. அந்த வெறும் படலம் மட்டும் வைக்கிற அறுவைக்கு, அம்பது வயசுக்கு மேலானவங்க கண்ணைத்தான் நாங்களே தேடுவோம். சின்ன வயசுப் படலம் இறுக்கமா சுருட்டிக்கும், உள்ள போய் விரிக்கிறதே பெரும்பாடு. வயசானவங்களோடது சொன்ன பேச்சைக் கேட்கும்."

எண்பது வயதில் கொடுக்கலாமா என்றேன். வயதை வைத்து வேண்டாம் என்று வீட்டார் முடிவு செய்யக் கூடாது, கண் வங்கியில் உயிரணுக்களை எண்ணிப் பார்த்து அவர்கள் முடிவு செய்வார்கள் என்றார். பார்வைக்கு ஆகாத கண்ணும் வீணாகாது, குழாயை மூடும் துண்டுக்கோ, டாக்டர்களின் பயிற்சிக்கோ, ஆராய்ச்சிக்கோ பயன்படும் என்றார்.

நான் வராந்தாவில் வந்து உட்கார்ந்தேன். என் மாமியாருக்குக் கடைசி வரை பேப்பர் படிக்கிற கண். அந்தக் கண் இந்தப் பேத்திக்கே வந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அவர் போன காலத்தில் இவளுக்கு நோயே தெரியாது. யார் கண் யாருக்குப் போகிறது என்று சொல்லவும் மாட்டார்கள். ஆனால் 2016-இல் இவளைப் போல யாரோ ஒருவர், யாரோ ஒருவரின் மகள், காத்திருந்திருப்பார். அவருக்கு வந்திருக்க வேண்டியதை நான் திண்ணையில் உட்கார்ந்தபடி இல்லை என்று சொல்லிவிட்டேன். எங்கள் முசேவுக்குப் பிடிக்காத பிரெஞ்சுச் சொல் ஒன்று உண்டு. 'அ க்வா போன்?', அதாவது 'என்ன பிரயோஜனம்?' யாராவது வகுப்பில் அதைச் சொன்னால், அது கேள்வியே இல்லை, சோம்பேறியின் பதில் என்பார். என் பதிலும் அதுதான்.

அறுவை எல்லாவற்றையும் சரி செய்துவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். மூட்டமும் வலியும் போய்விட்டன. அழுத்தத்தால் செத்த நரம்பு திரும்பி வரவில்லை, இடது கண்ணின் ஓரப் பார்வை போனது போனதுதான். பாவை இன்னும் ஒரு பக்கமாகத்தான் இருக்கிறது. இந்த நோயில் ஒட்டிய படலமும் சீக்கிரம் சோர்ந்துபோகலாம், மறுபடி மாற்ற வேண்டி வரலாம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். சொட்டு மருந்தும் செக்கப்பும் வாழ்நாள் முழுக்க. இவளுக்கு மறுபடியும் ஒரு கார்னியா தேவைப்படலாம். அது எங்கிருந்து வரும்? நம்மைப் போன்றவர்களின் வீட்டுத் திண்ணையில் இருந்துதான்.

நம் பகுதியில் வசதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நாட்டின் முதல் கண் வங்கி 1945-லேயே சென்னை எழும்பூர் கண் மருத்துவமனையில் வந்துவிட்டது. டாக்டர் வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 1976-இல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஓய்வு பெற்ற பிறகு! 1985-இல் தேனியிலும் அது வந்துவிட்டது. குழாய் மதுரையில் செய்கிறார்கள், அறுவை மதுரையில் நடக்கிறது. கடையில் வாங்க முடியாதது ஒன்றே ஒன்று, தானமாக வரும் கண்.

தயக்கங்கள் எனக்குத் தெரியும், நானே சொன்னவைதான் பல. முகம் கோரமாகிவிடும் என்பார்கள். கால் மணி, இருபது நிமிட வேலை. இமை மூடியே இருக்கும், பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. சர்க்கரை இருக்கிறது, பிரஷர் இருக்கிறது, கண்ணாடி போட்டவர், கண்புரை ஆபரேஷன் ஆனவர் என்பார்கள். இவை எதுவும் தடையில்லை. எய்ட்ஸ், மஞ்சள் காமாலை வைரஸ், வெறிநாய்க்கடி, ரத்தப் புற்றுநோய் போன்ற சிலவற்றுக்கு மட்டும்தான் எடுக்க மாட்டார்கள். அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்போம் என்பார்கள். கண்ணை அப்பிக் கொடுத்த வேடருக்குக் கண்ணப்பர் என்று பெயர் வைத்து நாயன்மார் வரிசையில் வைத்த ஊர் இது. அவராவது உயிரோடு இருக்கும்போது கொடுத்தார். நம்மிடம் கேட்பது, நமக்கு இனி தேவைப்படாத ஒன்றை. சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு அக்னிச் சட்டி எடுக்கிறோமே, பார்வை இழந்த பாண்டிய மன்னன் அங்கே கௌமாரியம்மனையும் கண்ணீஸ்வரமுடையாரையும் வழிபட்டுப் பார்வை பெற்றான் என்பதுதானே அந்தத் தலத்தின் கதை? பார்வை கொடுத்த சாமியைக் கும்பிடுகிறவர்கள் பார்வை கொடுக்கத் தயங்கலாமா?

இனி ஒரு குமாஸ்தாவாகச் சொல்கிறேன். கோப்பில் 'முடிவு செய்யப்பட்டது' என்று எழுதினால் எதுவும் நடக்காது. யார் செய்வது, எத்தனை மணிக்குள் செய்வது என்று எழுதினால்தான் நடக்கும். கண்தானப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அட்டையைப் பீரோவில் வைத்துவிடுகிறோம். அந்த நாளில் கையெழுத்துப் போட்டவர் எழுந்து வந்து போன் செய்ய முடியாது. வீட்டார் சம்மதித்தால்தான் எடுப்பார்கள். படிவமே நிரப்பாதவராக இருந்தாலும் வீட்டார் சம்மதம் போதும். ஆகவே பொறுப்பு இருப்பவர்களுடையது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். உயிர் பிரிந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும், அதனால் உறவினர்களுக்குச் சொல்லும்போதே கண் வங்கிக்கும் போன் செய்துவிட வேண்டும். இமைகளை மூடி மேலே ஈரப் பஞ்சு வைக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். தலைக்குத் தலையணை கொடுத்துச் சற்று உயர்த்த வேண்டும். இறப்புச் சான்றைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். அவர்களே வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்வார்கள், செலவு ஏதும் இல்லை. ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை கண்தான இருவாரம் என்று ஊர்வலம் நடக்கும். மாணவர்கள் பதாகையோடு போவார்கள். நல்லதுதான். ஆனால் அந்தப் பிள்ளைகளின் கண்ணுக்கு இன்னும் அறுபது எழுபது வருட வேலை இருக்கிறது. ஊர்வலத்தைத் திண்ணையில் இருந்து வேடிக்கை பார்க்கும் நாம்தான் அந்தப் பதாகையின் விலாசதாரர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் யாருக்காவது காலை மூட்டம், பல்பைச் சுற்றி வளையம், பாவை இடம் மாறுவது என்று எதைக் கண்டாலும் மருந்துக்கடைச் சொட்டு மருந்தில் நாள் கடத்தாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து அழுத்தத்தை ஏற்றியும் விடும். எங்கள் பெண் இழந்த ஓரப் பார்வையில் அந்த எட்டு மாதத்துக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

என் மனைவியிடம் இதையெல்லாம் பேசினேன். "எங்கம்மாவுக்கு நீங்க சொன்னப்ப எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. உங்களை மட்டும் ஏன் நொந்துக்கிறீங்க?" என்றாள். பிறகு இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். யார் முந்தினாலும், பிந்துகிறவர் போன் செய்ய வேண்டும். கண் வங்கி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, ரேஷன் கார்டு மாட்டியிருக்கும் ஆணிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அழுகிற நேரத்தில் மறந்துபோகலாம் என்று பக்கத்து வீட்டு வாத்தியாரிடமும் ஒரு பிரதி கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். பழைய பழக்கம்.

அந்தத் தம்பியைப் போன மாதம் கம்பம் பேருந்தில் பார்த்தேன். அடையாளம் தெரிந்துகொண்டு எழுந்து இடம் கொடுத்தார். 2016-இல் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு ஞாபகம் இல்லை. "நெறைய வீட்ல அப்படித்தான்யா சொல்லுவாங்க" என்றார்.

நெறைய வீடுகளில் ஒன்றாவது குறையட்டும்.